விசில் ஊதியவன் எழுதுவது

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

நாடகம் என்ன ஆயிற்று, பேப்பரில் வந்ததா என்று கேட்டிருந்தாய். இரண்டு பேப்பரில் வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. நீயும் ஒரு காலத்தில் இப்படி எழுதிக்கொண்டிருந்தவன்தானே, கோபித்துக்கொள்வாய்.

நாங்கள் போட்டது ‘தி ஐலண்ட்’. தென்னாப்பிரிக்காவில் 1973இல் அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கியது. நிறவெறி அரசு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையில் ஒரே கொட்டடியில் இருவர். மேடையில் மொத்தமே அவர்கள்தான். எனக்கு வார்டனின் விசிலை மறைவில் நின்று ஊதும் வேலை. 58 வயதில் கிடைத்த வேடம், சிரிக்காதே.

ஆரம்பத்தில் வசனமே கிடையாது. இருவரும் மணல் அள்ளுகிறார்கள். மணலும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை, எல்லாம் பாவனைதான். இவன் அள்ளிக்கொண்டுபோய் அவன் தோண்டும் இடத்தில் கொட்டுவான். அவன் அள்ளி இவன் இடத்தில் கொட்டுவான். எந்தக் குவியலும் குறையாது. பத்து நிமிடத்துக்கு இதேதான். மூன்றாவது நிமிடத்தில் நாலாம் வரிசையில் ஒரு செல்போன் வெளிச்சம். அப்புறம் இருமல். அப்புறம் ஒரு அம்மா, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று பக்கத்தில் கேட்டது எனக்கே கேட்டது. விசிலை வாயில் வைத்தபடி வியர்த்துப்போனேன்.

ஒரு பேப்பர் ஒளியமைப்பைப் புகழ்ந்து தள்ளிவிட்டது. எங்களிடம் இருந்ததே இரண்டு விளக்கு, அதில் ஒன்று நடுவில் அணைந்துபோனது. அதைத் துணிச்சலான இருள் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு பேப்பர், முதல் காட்சியைச் சுருக்கியிருக்கலாம் என்று யோசனை சொன்னது. இந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னை அரித்தது. யோசித்துப் பார்த்தால் அந்த நிருபர்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நேரம் நகரவில்லை. உள்ளே இருப்பவனுக்கும் அதுதானே நகர்வதில்லை! அதை நாடகத்தின் குறையாக எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் அப்போது, சிறையைப் பற்றித் தவறான தகவல் வெளியிட்டால் தண்டனை என்று 1959ஆம் வருடத்துச் சிறைச் சட்டம் இருந்தது. சிறைக்குள் நடப்பதை 1965இல் எழுதியதற்காக ‘ராண்ட் டெய்லி மெயில்’ பேப்பரின் ஆசிரியரும் நிருபரும் கோர்ட் படி ஏறவேண்டி வந்தது. இந்த நாடகமே தீவு என்ற சொல் இல்லாமல் வேறு பெயரில்தான் முதலில் மேடை ஏறியது. அங்கே பயந்து பயந்து எழுதினார்கள், சரி. இங்கே யார் தடுத்தது, விளக்கைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லி?

1957 நவம்பரில் அமெரிக்காவின் சான் க்வென்டின் சிறையில் 1400 கைதிகள் முன்னால் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ போட்டார்கள். பெண் பாத்திரம் இல்லை என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்களாம்! வெளியே மெத்தப் படித்தவர்களே முழித்த நாடகம். இருவர் காத்துக்கிடந்தும் கடைசிவரை வராத அந்தக் கோடோ யார் என்ற பேச்சு வந்தபோது ஒரு கைதி சமூகம் என்றான், இன்னொருவன் வெளியுலகம் என்றான். அந்தச் சிறையின் பத்திரிகையிலும் அதைப் பற்றி எழுதினார்கள். காத்துக்கிடப்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன ஞாயிறு நடிகர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஃப்ரீடம் பார்க் போனேன். பழைய சென்ட்ரல் ஜெயில் அது. எமர்ஜென்சியில் நடிகை சிநேகலதா ரெட்டியை ஆஸ்துமாவோடு அடைத்துவைத்த இடம். பரோலில் வெளியே வந்து சில நாளில், 1977 ஜனவரியில், இறந்துபோனார். காவல் கோபுரத்தடியில் நம் பையன் ஒருவன் திடீரென்று மணல் அள்ள ஆரம்பித்துவிட்டான். செக்யூரிட்டி ஓடிவந்து கன்னடத்தில், என்ன செய்கிறாய் என்றார். இவன் நிறுத்தாமல், “கெலசா” என்றான். வேலையாம். மனிதர் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கேட்டுப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதம் மறுபடி போடுகிறோம். முதல் காட்சியில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. முன்வரிசையில் மட்டும் உட்காராதே, என் விசில் காதைக் கிழிக்கும்.

உன்,
ராமநாதன்