எல்லோரும் வேண்டாமென்ற ஈரல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அக்கா மறுபடி மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்று படித்ததும் நிம்மதி. இங்கே பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். மற்றபடி எல்லோரும் சுகம்.

என் வேலையைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாய். தானமாகக் கிடைக்கும் கல்லீரலை ஐஸ் பெட்டியில் வைத்து ஓட்டமாய் ஓடுவதுதான் காலகாலமாக வழக்கம். அது உள்ளே போய் வேலை செய்யுமா என்பதை நிறத்தைப் பார்த்தும், விரலால் அழுத்திப் பார்த்தும்தான் சொல்லியாக வேண்டும். கொழுப்பு படிந்திருந்தால், கொடையாளருக்கு வயதாகியிருந்தால், அறுவை மருத்துவர்கள் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை செய்யாத ஈரலைப் பொருத்தினால் நோயாளி பிழைப்பதே அரிது.

ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஃப்ரெண்டும் கூசியோஸும் உருவாக்கிய இயந்திரம் இதை மாற்றிவிட்டது. 2013இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில்தான் முதன்முதலாகப் பயன்பட்டது. ரத்த வங்கியின் சிவப்பணுக்களை 37 டிகிரிச் சூட்டில், ஆக்ஸிஜனோடு ஈரலுக்குள் ஓடவிடுகிறது. நேரில் பார்க்கணும் நீ! வெளிறிக் கிடந்தது ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குழாயில் பொன்பழுப்பாய்ப் பித்தநீர் சொட்டும். நாங்கள் லாக்டேட் அளவையே பார்த்துக்கொண்டிருப்போம்; நல்ல ஈரல் ரத்தத்திலிருந்து நீக்கிவிடும் பொருள் அது. அது மளமளவென்று இறங்கினால் ஈரல் உழைக்கிறது என்று பொருள்.

பர்மிங்காமில் ஓர் ஆய்வு, 2020இல் வெளிவந்தது. பிரிட்டனில் எந்த ஈரல் மாற்று மையமும் ஏற்காத 31 ஈரல்களை இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். 22 தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் மூன்று மாதம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். குப்பைக்குப் போக இருந்தவை, செல்வம்! ஆனால் அதில் நான்கு பேருக்குப் பின்னால் பித்தக்குழாய் சுருங்கி, மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. இதயம் நின்றபின் எடுக்கும் ஈரலில் இந்தத் தொல்லை அதிகம். அதற்குக் குளிர்ந்த திரவத்திலேயே ஆக்ஸிஜன் கலந்து இரண்டு மணி நேரம் செலுத்தும் முறை நன்றாக உதவுகிறது. நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், 156 நோயாளிகளில், சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. எனக்கு இந்த முறைமேல்தான் அதிக நம்பிக்கை. கருவியும் எளிது, செலவும் குறைவு.

தம்பி மகன் பெர்ஃபியூஷன் டெக்னாலஜி, அதாவது உடலுக்கு வெளியே ரத்தத்தை ஓட்டும் இயந்திரங்களை இயக்கும் படிப்பில், சேர்ந்திருக்கிறான் என்றாயே. இதய ஆபரேஷனோடு தன் வேலை முடிந்துவிடும் என்று அவன் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மதியத்துக்குமேல் எனக்குப் போன் பண்ணச் சொல். எதைப் படிக்கலாம் என்று நானே சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி