குளிர்காலத்தில் காலை விளையாட்டு வகுப்பு: நேரமாற்றம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் குளிர்காலம் முடியும்வரை காலைக் கூட்டம் மைதானத்தில் நடக்காது, வகுப்பறையிலேயே நடக்கும். முதல் பாடவேளையாக இருந்த விளையாட்டு வகுப்பு மதியத்துக்கு மாறுகிறது. "காலைக் காற்று நல்லதாயிற்றே?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெருநகரத்தில் வாகனப் புகை எல்லா மாதமும்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் சூடான காற்று மேலெழும்பி அதைக் கலைத்துவிடும். மழைக்காலத்தில் மழை கழுவிவிடும். குளிர்கால இரவில் அப்படியில்லை. தரை சீக்கிரம் குளிர்ந்துவிட, அதை ஒட்டிய குளிர்காற்றின் மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. காற்றும் வீசாவிட்டால் புகை போக வழியில்லை. வெயில் ஏறினால்தான் அந்த மூடி விலகும். பள்ளி தொடங்கும் நேரத்திலோ வண்டிகளும் அதிகம், மூடியும் திறந்திருக்காது.

ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் ஒட்டுவது பெரும்பாலும் பெரிய தூசி. அதில் பெரும்பகுதியை மூக்கே தடுத்துவிடும். எனக்குக் கவலை தருவது பி.எம். 2.5 என்ற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கக்கூடியது. ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. குழந்தைகள் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். ஓடும்போது இன்னும் அதிகம்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, ஓட்டத்தின் இரண்டாவது சுற்றில் ஒரு சிறுமி முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டாள். இன்ஹேலர் மாடியில், பைக்குள். தோழி ஓடிப்போய் எடுத்துவரும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இழுப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு இன்ஹேலரை, மருத்துவர் குறிப்போடு, அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். அப்புறம், வாசலில் காத்திருக்கும்போது வண்டியின் இன்ஜினைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பெரிய சாலையை ஒட்டிய முன்வாசலில் புகை அதிகம் என்பதால், சின்ன வகுப்புப் பிள்ளைகளை இனிப் பின்வாசல் வழியாக அனுப்புவோம். துணி முகக்கவசம் இந்தத் துகளைச் சரியாகத் தடுக்காது. மருத்துவர் சொன்னால், முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்-95 வாங்குங்கள்.

மைதானத்துக்குத் திரும்பும் தேதியை முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்