திருக்கல்லறைக்கு முன் இருபது பேர்

புனித நாட்டுத் திருப்பயணம் நடத்தும் நிறுவனத்தாருக்கும், குழுவோடு வரும் அருள்தந்தையர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பயணத்திட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 10 நாளில் எகிப்து, இஸ்ரயேல், ஜோர்தான். அதில் எருசலேமுக்கு ஒன்றரை நாள். என் அம்மா போய்வந்த குழுவில் இயேசுவின் கல்லறை இருக்கும் திருக்கல்லறைப் பேராலயத்துக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். அன்று மாலையே ஒலிவமரச் சிற்பக் கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

அம்மாவுக்கு 71 வயது. ஐந்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. கிளம்பும் முன்பு எங்கள் தெருவில் சேர்ந்து செபிக்கும் அன்பியக் குழுவில் ஆளுக்கொரு மன்றாட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை வரம், அடைபடாத கடன், ஒரு அக்காவின் புற்றுநோய். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் அம்மா விமானம் ஏறினார். பேராலயத்தில் நுழைந்ததும் வலப்பக்கம், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரிக்குப் போகும் படிகள் செங்குத்தானவை. முட்டி வலியோடு அதில் ஏறினால் கல்லறைக்கு நேரம் இருக்காது என்று, கல்வாரியையே விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றார். முன்னால் இருபது பேர் இருக்கும்போது வழிகாட்டி கொடியை உயர்த்தினார். பஸ் கிளம்புகிறதாம்.

கைக்குட்டை முடிச்சு அவிழாமலே ஊருக்குத் திரும்பியது. "கல்லறையில வச்சு வேண்டுனீங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டபோது, அம்மா பதில் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

335-இல் அர்ச்சிக்கப்பட்டு, 1009-இல் இடிக்கப்பட்டு, மறுபடி எழுந்த ஆலயம் அது. அந்தக் கல்லறையின் வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஒரு தடவைக்கு நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை. வருடத்துக்குப் பல குழுக்களை அழைத்துப்போகும் உங்களுக்கு இது தெரியாதா? அதிகாலையிலேயே கதவு திறந்துவிடுகிறது. பிரான்சிஸ்கன் துறவியரிடம் முன்கூட்டியே கேட்டால் கல்லறையிலேயே திருப்பலி வைக்கவும் வழி இருக்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். வரிசையில் நிற்பவர்களைப் பாதியில் இழுக்காதீர்கள்.

இது ஒரு இடத்தோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஒலிவ மலையில், ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தைத் தமிழிலும் சுவரில் பதித்திருக்கும் ஆலயம் இருக்கிறது. தமிழ்க் குழுவுக்கு அதை பஸ்ஸிலிருந்தே கை காட்டினார்கள். கப்பர்நாகூமில் பேதுருவின் வீடு என்று போற்றப்படும் கருங்கல் சுவர்களைப் பார்க்கப் பத்து நிமிடம். கானாவில் திராட்சை மது வாங்க மட்டும் தாராளமாக நேரம். கடையில் கிடைக்கும் கமிஷனுக்காகவா எங்கள் பெற்றோர் காது கழுத்தை அடகு வைத்து வருகிறார்கள்? அருள்தந்தையர்களே, கொடி உயர்ந்தபோது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இருபது பேரும் கடந்திருப்பார்கள்.

சரி, கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: திருக்கல்லறைக்கு அரை நாள்.

அம்மாவால் இனிப் பயணம் போக முடியாது. அடுத்த குழுவுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கைக்குட்டையை அவர்களிடம் கொடுத்தனுப்பப் போகிறோம். தயவுசெய்து அவர்களை வரிசையில் நிற்க விடுங்கள்.