ஃபயர்வால் போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் சிறு கடைகளும் டியூஷன் மையங்களும் ஆலய நிர்வாகங்களும் கணக்கு வழக்கை வாடகை லினக்ஸ் சர்வரில் வைத்திருக்கின்றன. அமைத்துக் கொடுப்பவர் ‘ஃபயர்வால் போட்டாச்சு’ (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அரண்) என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. வேண்டாத போர்ட்டுகள், அதாவது புரோகிராம்கள் நெட்வொர்க்கில் இணைப்பு வாங்கும் எண்ணிட்ட வாசல்கள், அப்படியே திறந்து கிடக்கின்றன.

கட்டளை தட்டும் டெர்மினலில் ‘சூடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்’ (sudo ss -tulpn) என்று சிறிய எழுத்தில் கொடுத்தால், இணைப்புக்குக் காத்திருக்கும் போர்ட்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராம்களும் தெரியும். போர்ட் எண்ணுக்கு முன்னுள்ள முகவரிதான் முக்கியம். 127.0.0.1 என்றால் அந்தச் சர்வருக்குள் மட்டும். 0.0.0.0 அல்லது [::] என்றால் எந்த நெட்வொர்க்கிலிருந்தும் தட்டலாம்.

தேவையற்ற சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) ‘சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ்’ (systemctl disable --now) என்பதோடு அதன் பெயரைக் கொடுத்து நிறுத்துங்கள். பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு இணையச் சர்வரில் எதற்கு? 2024 செப்டம்பரில் அம்பலமான அதன் ஓட்டை, யுடிபி என்ற அனுப்பு முறையில் 631-ஆம் போர்ட்டை எல்லா முகவரியிலும் திறந்து வைத்ததால் வந்தது. என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) இல்லாத இடத்தில் அதற்குத் துணையான ஆர்பிசிபைண்டும் (போர்ட் 111) வேண்டாம். அதை நிறுத்தியும் 111 திறந்தே இருந்தால் அதற்காகப் போர்ட்டில் காத்திருக்கும் சாக்கெட் யூனிட்தான் காரணம். இணைப்பு வந்ததும் அது சர்வீஸை எழுப்பிவிடும். இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் (போர்ட் 3306) தேவைதான், ஆனால் பெரும்பாலும் சர்வருக்குள் மட்டும். கான்ஃபிக் ஃபைலில் பைண்ட்-அட்ரஸை 127.0.0.1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஃபயர்வால். லினக்ஸின் எளிய ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் போர்ட்டை அனுமதிக்காவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். பலர் ஏமாறுவது, புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில். ‘3306:3306’ என்று பப்ளிஷ் செய்த (வெளியே திறந்துவிட்ட) போர்ட்டுக்கு டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதி எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யூ தடுத்திருப்பதாகக் காட்டினாலும் வெளியிலிருந்து உள்ளே வரலாம். ‘127.0.0.1:3306:3306’ என்று எழுதினால் அந்த வழி அடைபடும்.

உங்கள் சர்வரை வேறு இணைய இணைப்பிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியால் சோதியுங்கள். சும்மா ஓட்டினால் டிசிபி (பெரும்பாலான சர்வீஸ்கள் பயன்படுத்தும் இணைப்பு முறை) போர்ட்டுகளில் 1,000-ஐத்தான் பார்க்கும். ‘-பி-’ (-p-) சேர்த்தால் 65,535-ம் வரும். யுடிபிக்கும் ஐபிவி6-க்கும் (புதிய வகை இணைய முகவரி) தனித்தனியே ஓட்ட வேண்டும்.

பெரும் பாதிப்பு தரக்கூடிய தனிநபர் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிப்பது 2025 ஜூன் முதல் வணிக நிறுவனங்களின் கடமை. ஆகவே சர்வரைப் பொறுப்பேற்கும்போதே எஸ்எஸ், என்மேப் பட்டியல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதற்கு, யாருக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத போர்ட்டை அன்றே மூடச் சொல்லுங்கள்.

சர்வர் பராமரிப்பாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு