ஒரே பந்தியில் தேங்க்ஸ்கிவிங்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்கர்கள் நன்றி சொல்லி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் அன்று, உன் வீட்டில் 11 பேர். அதில் 4 பேர் சைவம். உன் மாமியாரும் மாமனாரும் முட்டையும் தொடமாட்டார்கள். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். சைவம் தனி, அசைவம் தனி என்று எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறாய். ஒரே ஒரு ஓவனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. செய்தாலும் பெரியவர்கள் ஒவ்வொரு பாத்திரத்தைக் கண்டதும் "இது எங்களுக்கானதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விருந்தாளியை அப்படிக் கேட்க வைப்பது நம் வீட்டு வழக்கமில்லை.

பட்டியலை இப்படி மாற்று. வான்கோழியும் அதன் கிரேவியும் மட்டும் அசைவம். மீதி எல்லாம் சைவம், முட்டையும் கிடையாது. அப்புறம் மேசையில் ஒரே பந்திதான். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் வான்கோழி. 7 பேருக்கு 12 பவுண்டு தாராளம், மறுநாளைக்கும் மிஞ்சும். வாங்கும்போது லேபிளைப் படி. உப்புக் கரைசல் ஏற்றியது என்று போட்டிருந்தால் நீ தடவும் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஃப்ரீசர் பறவை ஃப்ரிட்ஜில் உறைநீங்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். அதனால் சனிக்கிழமை இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு ஆழமான ட்ரேயில் வைத்துவிடு. புதன்கிழமைதான் நினைவு வந்தது என்றால் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். பவுண்டுக்கு அரை மணி நேரம் கணக்கு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். 12 பவுண்டுக்கு 6 மணி நேரம் சிங்க் உனக்குக் கிடையாது.

செவ்வாய் இரவு வெளியே எடு. உள்ளே கழுத்தும் ஈரலும் ஒரு சின்னப் பையில் இருக்கும், சில பறவைகளில் கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் இருக்கும். இரண்டு இடத்திலும் கைவிட்டுப் பார். குழாயடியில் கழுவாதே. தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சிங்க் முழுக்கப் பரவும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

முழுப் பறவையாக வேகவைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், தொடை தாமதமாகும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு பஞ்சாகிவிடும். அதற்கு வழி, முதுகெலும்பை எடுத்துவிட்டுப் பறவையைத் தட்டையாக விரிப்பது. கோழி வெட்டும் கனமான கத்தரிக்கோலால் வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் இரு ஓரமும் வெட்டிக்கொண்டு போ. இடுப்பெலும்பு வரும் இடத்தில் மாட்டும், கத்தரியை அரை அங்குலம் வெளியே நகர்த்தினால் போய்விடும். பிறகு திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பின் மேல் இரு உள்ளங்கையையும் வைத்து உடம்புப் பாரத்தோடு அழுத்து. "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும் வரை விடாதே. சத்தம் வரவில்லை என்றால் அது விரியவில்லை, ஓவனில் கூன் போட்டுக்கொண்டு நிற்கும்.

பவுண்டுக்கு அரை டீஸ்பூன் பொடி உப்பு, அதாவது 12 பவுண்டுக்கு 6 டீஸ்பூன். அதோடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், தோல் மொறுமொறுப்பாவதற்கு. மிளகு உன் விருப்பம். பாதியைத் தோலுக்கு அடியில், நேராகக் கறியின் மேல் தடவு. மூடாமல் வியாழன் மதியம் வரை ஃப்ரிட்ஜில் விடு. உப்பு உள்ளே இறங்கும், தோல் காய்ந்து காகிதம்போல் ஆகும். அதைப் பார்த்துப் பயந்து எண்ணெய் பூசி மூடிவிடாதே. அப்படிக் காய வேண்டும் என்றுதான் திறந்து வைக்கிறோம்.

வெட்டிய முதுகெலும்பையும் கழுத்தையும் எறியாதே. ஒரு வெங்காயம், ஒரு கேரட், 6 கப் தண்ணீரோடு 2 மணி நேரம் சின்னத் தீயில் வைத்தால் கிரேவிக்குச் சாறு தயார். ஈரலை அதில் போடாதே, கசக்கும். இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் தனிக் கரண்டி, வேறு நிறக் கைப்பிடியோடு. அந்தக் கரண்டி பக்கத்துக் குண்டானுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதை உன் வீட்டுக்காரரிடம் ஒப்படை.

இனி எல்லோரும் சாப்பிடுவது. ஸ்டஃபிங் என்கிற ரொட்டிக் கலவையைப் பறவைக்குள் அடைக்கும் பேச்சே வேண்டாம். நடுப்பகுதி 165 டிகிரி பாரன்ஹீட் தொடுவதற்குள் வெளிக்கறி வறண்டுவிடும். அதுவும் போக, உள்ளே வைத்தது அசைவமாகிவிடும். ஒரு பவுண்டு ரொட்டியை முக்கால் அங்குலத் துண்டாக்கி 250 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவை. ரொட்டி லேபிளில் முட்டை இல்லை என்பதைப் பார்த்துக்கொள். ஒரு ஸ்டிக் (அரைக் கப்) வெண்ணெயில் 2 வெங்காயம், 4 தண்டு செலரி, கொஞ்சம் சேஜ் இலை வதக்கி, ரொட்டியோடு சேர்த்து, காய்கறிச் சாறு இரண்டரைக் கப் ஊற்று. ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஒரு துண்டை அழுத்திப் பார். ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும், சாறு சொட்டக்கூடாது. காய்ந்திருந்தால் இன்னும் அரைக் கப். டப்பாச் சாற்றில் உப்பு அதிகம், ருசி பார்க்காமல் உப்பு போடாதே.

உருளைக்கிழங்கு மசியலுக்கு 5 பவுண்டு கிழங்கு. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பை ஏற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் ஓரம் கரையும், நடு வேகாது. மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதே. பிளேடு மாவுச்சத்தை உடைத்து வெளியே கொண்டுவந்து, மசியலைப் பசையாக்கிவிடும். பிறகு எத்தனை வெண்ணெய் போட்டாலும் திரும்பாது. இதற்கென்று இங்கே ஒரு கருவி விற்கிறார்கள், வாங்காதே. உன்னிடம் இடியாப்ப அச்சு இருக்கிறது. வேலை ஒன்றேதான். சூடாக இருக்கும்போதே பிழிந்து, வெண்ணெய் முதலில், சூடான பால் பிறகு. அரிசிக் குக்கரில் வார்ம் நிலையில் ஒரு மணி நேரம் தாராளமாக நிற்கும். அடுப்பில் ஒரு இடம் மிச்சம்.

கிரான்பெர்ரி சாஸ் ஞாயிறன்றே முடி. 12 அவுன்ஸ் பாக்கெட், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கொதி வந்ததும் பழங்கள் கடுகு தாளித்தாற்போல் வெடிக்கும். பெரும்பாலானவை வெடித்து, பத்து நிமிடம் ஆனதும் இறக்கிவிடு. அப்போது ரசம்போல் தண்ணியாகத்தான் இருக்கும். கெட்டியாகட்டும் என்று இன்னும் கொதிக்க வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்தப் பழத்தில் பெக்டின் நிறைய, ஆறும்போது தானே இறுகும். அதிகம் காய்ச்சினால் மறுநாள் கரண்டி இறங்காது.

பம்ப்கின் பை முட்டையில்லாமல் நன்றாகவே வரும். 15 அவுன்ஸ் டப்பா பரங்கி விழுது, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், முக்கால் கப் வெல்லப்பொடி, கால் கப் சோளமாவு, ஒன்றரை டீஸ்பூன் பட்டைப்பொடி, ஒரு டீஸ்பூன் சுக்கு, கால் டீஸ்பூன் ஜாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று. சோளமாவு கட்டி தட்டினால் வெந்த பிறகு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். டப்பா வாங்கும்போது கவனம். பக்கத்திலேயே 'பை ஃபில்லிங்' என்று ஒன்று இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்த்திருக்கும். கடையில் விற்கும் பை ஓட்டில், அதாவது அடியில் வரும் மாவுக் கிண்ணத்தில், பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்றும் பார். 9 அங்குல ஓட்டில் ஊற்றி 350 டிகிரியில் ஒரு மணி நேரம். ஓரம் இறுகி, நடு லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடு. சூட்டோடு வெட்டினால் வழியும். புதன் மாலை செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் வியாழன் கத்தி சுத்தமாக இறங்கும்.

இப்படியே லேபிள் பார்க்க வேண்டியவை இன்னும் சில. சர்க்கரைவள்ளி மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி. மார்ஷ்மெல்லோவுக்குப் பதில் பீக்கன் பருப்பும் நாட்டுச் சர்க்கரையும் வெண்ணெயும் பிசறித் தூவு, அதுதான் ருசியும். சூப் ஊற்றி ஓவனில் வேகவைக்கும் பீன்ஸ் கேசரோல் 1955-இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையலறையில் டார்கஸ் ரைலி உருவாக்கியது. டப்பா சூப் இல்லாமல் அதற்கு அந்த ருசி வராது. உனக்கு நேரமில்லை என்றால் அதை விட்டுவிடு, பீன்ஸ் பொரியலே போதும்.

சைவக்காரர்கள் நால்வருக்கும் இலை நடுவில் ஏதாவது கம்பீரமாக இருக்க வேண்டும். பக்கத்துணையை மட்டும் தின்றுவிட்டு எழுந்திருக்கக்கூடாது. 2 ஏகார்ன் பூசணியைப் பாதியாக வெட்டி, விதை நீக்கி, எண்ணெய் தடவி, கவிழ்த்து 400 டிகிரியில் 45 நிமிடம். உள்ளே வைல்ட் ரைஸ். அமெரிக்காவின் வடக்கு ஏரிகளில் அனிஷினாபே என்னும் பூர்வகுடி மக்கள் தோணியில் போய்த் தட்டி அறுவடை செய்யும் தானியம் அது. ஒரு கப்புக்கு 3 கப் தண்ணீர், சுமார் 50 நிமிடம், மணி வெடித்து உள்வெள்ளை தெரிய வேண்டும். வதக்கிய காளானும் காய்ந்த கிரான்பெர்ரியும் கலந்து நிரப்பு. புதனன்றே முடிக்கலாம்.

கிரேவி இரண்டும் ஒரே முறை. 4 டேபிள்ஸ்பூன் கொழுப்பு, 4 டேபிள்ஸ்பூன் மைதா, மூன்று நிமிடம் வறுத்து, வேர்க்கடலை நிறம் வந்ததும் இரண்டரைக் கப் சூடான சாறு. முதல் அரைக் கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். ஒன்றுக்கு வான்கோழிக் கொழுப்பும் எலும்புச் சாறும். இன்னொன்றுக்கு வெண்ணெய், 8 அவுன்ஸ் காளான், காய்கறிச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்.

வியாழன் 4 மணிக்குச் சாப்பாடு என்றால் ஓவன் கணக்கு இது. 1:15-க்கு 425 டிகிரியில் வான்கோழி, கம்பி ரேக் வைத்த பெரிய ட்ரேயில். ட்ரேயில் ஒரு கப் தண்ணீர் ஊற்று. வெறும் ட்ரேயில் கொழுப்பு சொட்டினால் கருகி, புகை அலாரம் அடிக்கும். 80 முதல் 90 நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பாதே, பறவையோடு வரும், வெந்ததும் மேலெழும்பும் பிளாஸ்டிக் குமிழையும் நம்பாதே. தெர்மாமீட்டரை நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் எலும்பைத் தொடாமல் குத்து. இரண்டிலும் 165. எலும்பைத் தொட்டால் எண் தப்பாகக் காட்டும். 2:45 வாக்கில் வெளியே. அது அரை மணி நேரத்துக்கு மேல் ஆறட்டும், இல்லையென்றால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த நேரம்தான் உன் பொக்கிஷம். ஓவனை 350-க்கு இறக்கி ஸ்டஃபிங், சர்க்கரைவள்ளி, பூசணி மூன்றையும் 40 நிமிடம் வை. ஸ்டஃபிங்கைக் கடைசி 15 நிமிடம் மட்டும் திற.

வான்கோழியை மேசை நடுவில் வைக்காதே. அறுத்த தட்டையும் அதன் கிரேவியையும் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் வை. நடுவிடம் காலியாகும், அங்கேதான் குழந்தைகளின் கைவேலை.

பழுப்புத் தாள் சுருள் ஒன்றை மேசை நீளத்துக்கு விரித்து, வெள்ளை மார்க்கரால் கோலம் போடச் சொல். புள்ளிக்குப் புள்ளி ஒரு அங்குலம் இருந்தால் சின்னக் கைக்கும் வரும். பாத்திரம் வைக்கும் இடத்தில் அட்டை போடு, தாள் எண்ணெயை உறிஞ்சும்.

தோரணம் மேப்பிள் இலையில். அதை அக்டோபரிலேயே பொறுக்க வேண்டும், நவம்பர் கடைசியில் நியூ ஜெர்சியில் தரையில் கிடப்பதெல்லாம் பழுப்புச் சருகு. செய்தித்தாள் நடுவே வைத்துக் கனமான புத்தகங்களால் ஒரு வாரம் அழுத்து, தாளை முதல் மூன்று நாள் தினமும் மாற்று, இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அப்படியே கட்டினால் ஹீட்டர் காற்றில் சுருண்டுவிடும். அதனால் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, இலையை இரண்டு நொடி முக்கித் தொங்கவிடு. நேரடித் தீயில் மெழுகு வேண்டவே வேண்டாம், பற்றிக்கொள்ளும். மாவிலையைப்போல் மடித்து ஈர்க்குச்சி குத்தாதே, விரிந்துபோகும். காம்பை நூலில் முடிச்சுப் போடு.

பெயர் அட்டைக்குப் பைன் காய். தோட்டத்தில் பொறுக்கியதை ஃபாயில் விரித்த ட்ரேயில் 200 டிகிரியில் அரை மணி நேரம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள். உள்ளே இருக்கும் பூச்சி போகும், பிசின் உருகும், மூடிய செதில் மலரும். அந்த மலர்ந்த செதிலுக்கு இடையில்தான் அட்டை நிற்கும். பெயர்களைத் தமிழில் எழுதச் சொல். தாத்தா தன் பெயரைப் பேத்தி கையெழுத்தில் படிக்கட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், காய்ந்த இலைக்குப் பக்கத்தில் எல்.ஈ.டி விளக்குதான் வைக்க வேண்டும்.

பள்ளியில் இறகுத் தலைப்பாகை செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல். 1621-இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில், முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும் விருந்துக்கு மான் கொண்டுவந்த வாம்பனோக் பூர்வகுடி மக்கள் அப்படி அணிந்தவர்கள் இல்லை. அவர்கள் வழிவந்தோர் பலருக்கு இது துக்க நாள், 1970 முதல் பிளிமத்தில் அதற்காகக் கூடுகிறார்கள். குழந்தைகள் அன்று மேசையில் இருக்கும் மக்காச்சோளத்தையும் பரங்கியையும் வரையட்டும். அவற்றை விளைவித்தவர்கள் யார் என்று நீ சொல்லிக்கொடு.

மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வை, வான்கோழி 4 நாளுக்குமேல் வேண்டாம். எலும்பை வெள்ளி காலையில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு வேகவைத்தால் நல்ல ரசம். அந்தப் பாத்திரத்துக்கும் அதே தனிக் கரண்டிதான்.

அன்புடன்,
அக்கா