கேஸ் இறங்கிய ஆர்.எம்.யூ. பெட்டியை இயக்காமல் மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் மற்றும் தெருவாசிகள்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
வடசென்னை.

பொருள்: 11 கே.வி. (11,000 வோல்ட்) ஆர்.எம்.யூ. பெட்டியில் (மின் லைனை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சுவிட்ச் பெட்டி) கேஸ் அழுத்தம் குறைந்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருமுனையில், மீன் வண்டிகள் திரும்பும் இடத்தில், ஒரு ஆர்.எம்.யூ. பெட்டி இருக்கிறது. உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்துக் கதவு தொங்குகிறது. யாரோ வலைக்கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தால் கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர் தெரியும். ஆடி மாதம் முள் பச்சையின் ஓரத்தில் நின்றது. இப்போது சிவப்புக்குள் போய்விட்டது.

பிரிவு அலுவலகத்தில் இரண்டு தடவை சொன்னோம். "கரண்ட் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றார்கள். கரண்ட் வருவதை வைத்துப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது ஐயா.

உள்ளே இருப்பது மின்பொறி பாயாமல் தடுக்கும் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) கேஸ். தாங்கள் அறியாததல்ல, கையெழுத்துப் போடும் தெருக்காரர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். சாதாரணக் காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கே.வி. தாங்கும். அதே அழுத்தத்தில் இந்த கேஸ் இரண்டரை மடங்காவது தாங்கும். ஓடும் எலக்ட்ரான் ஒரு மூலக்கூறில் மோதி இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகினால்தான் பொறி பாயும். எஸ்.எஃப்.6 மூலக்கூறு அந்த எலக்ட்ரானை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கேஸ் கசிந்தால் பிடிப்பதற்கு ஆள் குறைவு, எலக்ட்ரானுக்கு ஓட இடம் அதிகம்.

இப்படி இறங்கிய பெட்டி, ஹேண்டிலைத் தொடாதவரை பெரும்பாலும் சும்மா நிற்கும். லோடோடு திருப்பும்போதுதான் உள்ளே ஆர்க் (விடாமல் எரியும் மின்பொறி) பிடிக்கும்; அதை அணைக்கும் வலு கேஸுக்கு அப்போது இருக்காது. மழை ராத்திரியில் ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைன்) ட்ரிப் ஆனால், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வந்து அதைத் திருப்பப்போவது எங்களுக்குத் தெரிந்த லைன்மேன் தம்பிதான்.

ஆகவே இன்றே அதில் 'இயக்காதே' பலகை மாட்டச் சொல்லுங்கள். துணை மின்நிலையத்தில் ஃபீடரை நிறுத்திய பிறகுதான் பெட்டியில் கை வைக்க வேண்டும். ஆயுள் முழுக்க என்று சீல் வைத்த தொட்டியில் கேஸ் இறங்கினால் எங்கோ ஓட்டை என்றுதான் அர்த்தம். ஒப்பேற்றாமல், மழைக்கு முன் மாற்றித் தாருங்கள். மீதி கேஸை சிலிண்டரில் இழுத்துக்கொள்ளட்டும். 1 கிலோவைத் தெருவில் திறந்துவிட்டால், 23,000 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். எஸ்.எஃப்.6 காற்றைவிட ஐந்து மடங்கு கனம் என்பதால் அடியிலுள்ள கேபிள் குழியிலும் தேங்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. குனிந்து வேலை செய்பவருக்கு மூச்சு முட்டும்போதுதான் தெரியும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே ஏற்கெனவே ஆர்க் அடித்திருக்கிறது, யாரையும் கிட்டே விடக் கூடாது.

மாற்றும் நாளில் எத்தனை மணி நேரம் கரண்ட் போனாலும் சரி என்று ஐஸ் வியாபாரிகளே சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் தகவல் மட்டும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள் (கையொப்பங்கள் இணைப்பு)