ஊதுகிறவர்களுக்கு மூச்சு விட இடம் வை

அன்பு மகளுக்கு,

உன் ப்ளூஸ் ஆல்பத்தின் எட்டுப் பாட்டின் டெமோவும் வந்து சேர்ந்தது. குரலைப் பற்றியும் கிதாரைப் பற்றியும் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டுடியோவுக்குள் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதால் ஹார்ன்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆல்பத்தில் ட்ரம்பெட், டெனார் சாக்ஸ், ட்ராம்போன், பாரிடோன் சாக்ஸ் என்று நான்கு பேர் ஊதுகிறார்கள். டூருக்கு வரப்போவது இரண்டே பேர். இந்தக் கணக்கை எழுதும்போதே போட்டுவிட வேண்டும், வேன் கிளம்பிய பிறகு போட முடியாது.

முதலில் சுருதி. எட்டில் ஐந்து பாட்டு ஈ-யிலோ ஏ-யிலோ இருக்கிறது. கிதாருக்கு அது சொந்த வீடு, திறந்த தந்தி முழங்கும். ஊதுகிறவர்களுக்கு முள்வேலி. ட்ரம்பெட்டும் டெனாரும் பி ஃபிளாட் வாத்தியங்கள்: தாளில் சி என்று இருந்தால் பி ஃபிளாட் ஒலிக்கும். நீ ஈ-யில் வாசித்தால் அவர்கள் தாளில் எஃப் ஷார்ப் இருக்கும், ஆறு ஷார்ப். பாரிடோன் ஈ ஃபிளாட் வாத்தியம். அதற்கு சி ஷார்ப், ஏழு ஷார்ப். கைதேர்ந்தவர்கள் வாசித்துவிடுவார்கள்தான். ஆனால் விரலிலேயே கவனம் போனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) விறைத்துப்போகும்.

அதற்காக உன் ரிஃப்களை மாற்றாதே. கிதாரின் ஆறு தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டு. ஈ பிடித்தால் ஈ ஃபிளாட் கேட்கும்: ட்ரம்பெட்டுக்கு எஃப், ஒரே ஒரு ஃபிளாட், பாரிடோனுக்கு சி, ஒன்றுமே இல்லை. ஏ பிடித்தால் ஏ ஃபிளாட், அதுவும் அவர்களுக்குச் சுலபம். தந்தி தளர்ந்துபோகும் என்பதால் 10 கேஜ் தடிமன் போட்டிருந்தால் 11-க்கு மாறி, பிரிட்ஜில் இன்டொனேஷனை (எல்லாக் கட்டத்திலும் சுருதி சரியாக நிற்கிறதா என்று) திரும்பச் சரிபார். பாஸ் கிதாரும் இறங்க வேண்டும். மவுத் ஆர்கன்காரரிடம் இப்போதே சொல்லிவிடு: ஈ பாட்டுக்கு ஏ ஹார்ப் (ஏ சுருதி மவுத் ஆர்கன்) எடுப்பவர் இனி ஏ ஃபிளாட் ஹார்ப் வாங்க வேண்டியிருக்கும்.

சார்ட் (ஒவ்வொருவருக்குமான தாள்) அச்சடிக்கும்போது, உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தையே காட்டும் கான்செர்ட் பிட்ச் காட்சியை மென்பொருளில் அணைத்துவிட்டு அச்சடி. அதை மறந்தால் ட்ராம்போன் மட்டும் சரியாக ஒலிக்கும், மற்ற மூவரும் வேறு வேறு ஊருக்குப் போவார்கள். அரை மணி நேரம் அப்படியே கரையும். அந்த அரை மணிக்கும் ஸ்டுடியோ வாடகை உண்டு.

இனி முக்கியமான இடம். டெமோவில் கீபோர்டில் ஹார்ன் சத்தம் வைத்து எழுதியிருக்கிறாய். கீபோர்டுக்கு நுரையீரல் கிடையாது. மூன்றாவது பாட்டில் நாலு பார் (ஒரு பார் நாலு அடி) முழுக்க ஒரே கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை, இழுத்திருக்கிறாய். நிமிடத்துக்கு 70 தாள அடி வேகத்தில் அது ஏறக்குறைய 14 விநாடி. உரத்த குரலில் ட்ரம்பெட் அதைத் தாங்காது. தாங்கினாலும் கடைசியில் சுருதி சரியும். இரண்டு பாருக்கு ஒரு முறை ஒரு அடி ஓய்வு எழுது. நீ எழுதாவிட்டால் நாலு பேரும் நாலு இடத்தில் மூச்சு வாங்குவார்கள்.

ப்ளூஸின் ஒரு சுற்றான பன்னிரண்டு பாரில் நீ பாடும் ஒவ்வொரு வரியும் சுமார் இரண்டு பார், அதன் பின்னால் இரண்டு பார் காலி. ஒரு சுற்றுக்கு மூன்று காலி இடம். மூன்றையும் ஹார்னுக்கே கொடுத்திருக்கிறாய், அதே இடத்தில் கிதாரும் பேசுகிறது. ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான பி.பி. கிங் பாடும்போது கிதார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். 1964 நவம்பர் 21-ஆம் தேதி சிகாகோ ரீகல் தியேட்டரில் பதிவான அவருடைய கச்சேரியை ஹார்னை மட்டும் குறிவைத்து ஒரு தடவை கேள். குரலுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் கிதார். ஹார்ன்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உன் பாட்டிலும் முதல் இரண்டு காலி இடம் கிதாருக்கு, மூன்றாவது ஹார்னுக்கு என்று தொடங்கு. அடுத்த சுற்றில் மாற்றிக்கொள். முதல் சுற்றில் ஹார்னே வேண்டாம், இந்தப் பங்கீடு இரண்டாம் சுற்றில் தொடங்கட்டும் என்பது என் கட்சி.

கார்டை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருந்தாய். பி ஃபிளாட் செவன்த் என்றால் பி ஃபிளாட்டை பாஸ் பார்த்துக்கொள்ளும். ட்ராம்போனுக்கு ஏ ஃபிளாட், டெனாருக்கு டி, ட்ரம்பெட்டுக்கு மேலே சி. நாலாம் கார்டான ஈ ஃபிளாட் செவன்த்துக்குப் போகும்போது ட்ராம்போன் ஜி-க்கும் டெனார் டி ஃபிளாட்டுக்கும் அரை ஸ்வரம் இறங்கினால் போதும், ட்ரம்பெட் சி-யிலேயே நிற்கலாம். யாரும் தாவ வேண்டியதில்லை. பாரிடோனை இந்தக் கார்டில் சேர்க்காதே, பாஸ் கிதாரோடு சேர்ந்து ரிஃப் வாசிக்கட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீ பாடும்போது டி-க்கும் டி ஃபிளாட்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கில் நிற்கிறாய், ப்ளூஸின் உயிர் அங்கேதான். அதே உயரத்தில் டெனார் ஒரு டி-யை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கேட்கிறவருக்கு நீ சுருதி தப்பியது போல இருக்கும். பாடும் வரிக்குக் கீழே எஃப், ஏ ஃபிளாட் இரண்டை மட்டும் வை. டி-யைக் காலி இடத்துக்கு மிச்சம் பிடி.

ஒவ்வொரு நோட்டும் எங்கே முடிகிறது என்று எழுது. ஹார்ன் வரிசை கந்தலாகக் கேட்பது பெரும்பாலும் தொடக்கத்தால் அல்ல, முடிவால். நாலாம் அடியில் நிற்கிறதா, அடுத்த பாரின் முதல் அடியில் நிற்கிறதா? குட்டையான அடி ‘டிட்’டா, அழுத்தின ‘டா’வா? வழுக்கி விழும் ஃபால் ஒரு அடி நீளமா, இரண்டா? பென்சிலால் குறிக்க ஒரு நிமிடம் ஆகும். குறிக்காவிட்டால் ஆறு டேக் போகும்.

இரண்டு பேர் டூருக்கு வருவது குறையில்லை. ப்ளூஸ் கிதார் கலைஞர் டி-போன் வாக்கர் 1947-இல் பதிவுசெய்த தன் பெயர்பெற்ற மெதுவான ப்ளூஸில் ஊதியது ஒரு ட்ரம்பெட், ஒரு டெனார். மெம்பிஸ் ஹார்ன்ஸ் என்ற ஊதுகுழுவின் முதுகெலும்பும் வெய்ன் ஜாக்சனின் ட்ரம்பெட்டும் ஆண்ட்ரூ லவ்வின் டெனாரும்தான். ஆகவே ரிஃபின் எலும்புக்கூட்டை இந்த இரண்டு வாத்தியங்களிலேயே எழுது. மற்ற இரண்டையும் ஊமையாக்கிவிட்டுக் கேள். பாட்டு நிற்க வேண்டும். நிற்காத பாட்டை மேடைப் பட்டியலில் சேர்க்காதே.

பதிவு நாளுக்கு வருவோம். ஸ்டுடியோவில் பியானோ இருந்தால் அன்று காலையில் சுருதி சேர்க்கச் சொல், எல்லோரும் அதற்கே சேரட்டும். ட்ரம்பெட்டின் உச்சிப் பகுதிகளை முதல் பாட்டாகவும் வைக்காதே, அமர்வின் மூன்றாம் மணி நேரத்திலும் வைக்காதே. உதடு சூடேறியிருக்க வேண்டும், களைத்திருக்கக் கூடாது. மூன்று மணி அமர்வுக்கு இரண்டு பாட்டு, மிஞ்சினால் மூன்று.

மைக் ரிப்பன் வகையாக இருந்தால் பித்தளையின் கூர்மை தானே மழுங்கும். ட்ரம்பெட்டுக்கு அரை மீட்டருக்குக் குறையாமல், மணியின் (வாத்தியத்தின் விரிந்த வாய்) நேர் மையத்திலிருந்து சற்று விலகி வை. பழைய ரிப்பன் மைக்குகள் சிலவற்றை, கேபிள் தப்பாக இருந்தால் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் கெடுத்துவிடும். பொத்தானைச் சரிபார்க்கச் சொல். சாக்ஸின் ஒலி மணியிலிருந்து மட்டும் வருவதில்லை, துளைகள் வழியாகவும் வருகிறது, எனவே மைக் உடலின் நடுப்பகுதியைப் பார்க்கட்டும். ஹெட்ஃபோனில் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல். தன் சத்தம் காற்றில் கேட்டால்தான் சுருதி நிற்கும். தடிமன் வேண்டுமானால் அதே டிராக்கை நகலெடுத்து நகர்த்தாதே, குழாய்க்குள் பேசுவது போல ஆகிவிடும். இரண்டாம் முறை ஊதச் சொல், ஒரு மீட்டர் பின்னால் நின்று.

எல்பி (வினைல் இசைத்தட்டு) போடுகிறாய் என்றால் பாட்டு வரிசையை இசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. 12 அங்குலத் தட்டில் ஊசி வெளி விளிம்பில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் அளவில் ஓடும். உள் முனையில் 21 சென்டிமீட்டர்தான். அங்கே உரத்த ட்ரம்பெட் வைத்தால் கரகரக்கும். முழு ஹார்ன் அடிக்கும் பாட்டு பக்கத்தின் முதலில், குரலும் கிதாரும் மட்டுமான மெதுவான பாட்டு கடைசியில். பக்கத்துக்கு 19 நிமிடம், 20-ஐத் தாண்டாதே. தாண்டினால் சத்தத்தைக் குறைத்து வெட்டுவார்கள்.

டூரில் வரப்போகும் சண்டை வெயில் குளிரால் வரும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஊதுவாத்தியம் ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். சென்ட் என்றால் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. கிதார் தந்தியோ சூட்டில் இறங்கும். திறந்தவெளியில் மேடை விளக்கு எரிய ஆரம்பித்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கும், யார் மேலும் தப்பில்லை. மாலைக் குளிரில் நேர்மாறு. சாக்ஸ்காரர் மவுத்பீஸைக் கார்க்கில் ஏற்றி இறக்குவார், ட்ரம்பெட்காரர் ட்யூனிங் ஸ்லைடை நகர்த்துவார். அதற்கு மூன்றாம் பாட்டுக்குப் பின் ஒரு நிமிடம் ஒதுக்கி, அந்த நேரம் நீ பேசு. பெட்டியில் வால்வு எண்ணெய், ரப்பர் பேண்ட், சிக்கிய மவுத்பீஸை எடுக்கும் புல்லர் இருக்கட்டும். சாக்ஸ் ஸ்பிரிங் உடைந்தால் ரப்பர் பேண்ட் அன்றிரவைக் கடத்திவிடும். மவுத்பீஸ் சிக்கினால் குறடு வேண்டவே வேண்டாம், குழாய் முறுகிவிடும்.

காகித வேலை கொஞ்சம். ஆல்பத்தில் வேறொருவர் எழுதிய பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் தட்டு அச்சிட, பாட்டை எழுதியவர் தரப்புக்குத் தரும் சட்டக் கட்டணம் 2025-இல் பிரதிக்கு 12.7 சென்டாக இருந்தது, 5 நிமிடத்தைத் தாண்டினால் அதற்குப் பதில் முழு நீளத்துக்கும் நிமிடத்துக்கு 2.45 சென்ட். உன்னுடையது 7 நிமிடம். அந்தக் கணக்கில் 1000 பிரதிக்கு 171.50 டாலர். ஒரு சோலோவைக் குறைத்து 5 நிமிடத்துக்குள் வந்தால் 127. அங்கே இணைய ரேடியோவும் சாட்டிலைட் ரேடியோவும் தரும் பதிவுப் பணத்தில் 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் போகிறது. யார் எந்தப் பாட்டில் ஊதினார் என்று அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

மூன்றாவது பாட்டைத் திருத்தியதும் டெனார், ட்ரம்பெட் தாள்களை மட்டும் எனக்கு அனுப்பு. மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா